எலும்புக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

(பால் கொடுக்கும் தாய்மார்களும் அவர்களுடைய கணவன்மார்களும் சேர்ந்து படிக்க வேண்டியது)



செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். குழந்தை பிறந்து ஐந்து மாதமான ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறவர். வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். மாமியார் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"சார், நீங்களே சொல்லுங்க. பால் கொடுத்துக் கொடுத்தே இவ எலும்பு கரைஞ்சு போச்சு. இடுப்பு வலிங்கிறா. வச்ச சாமான் வச்ச எடத்துல ஞாபகம் இல்லைங்கிறா. பாலை நிறுத்திட்டு டப்பாப் பால் வாங்கிக் குடுத்தா என்ன?"

கணவர் தூணில் சாய்ந்து நின்றார். அவர் யோசனை வேறு. "இருக்கிற கஷ்டம் ஒரே மூச்சில போகட்டும் சார். கையோட கையா அடுத்ததையும் பெத்து முடிச்சிட்டா, அப்புறம் ஆபரேசன் பண்ணிக்கிடலாம்."

"சுண்ணாம்புச் சத்து மாத்திரை சாப்பிடும்மா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் மனசு உறுத்தியது. அந்தப் பதில் பாதிதான். மாமியார் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. மீதியை நான் அவர்களுக்கு விளக்கவில்லை. மறுவாரம் போய் விளக்கினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எலும்பு ஒரு கண்மாய்

நம்மில் பலர் எலும்பை வீட்டு உத்திரம்போல நினைக்கிறோம். ஒருமுறை வைத்தால் அப்படியே இருக்கும் என்று எண்ணம். அப்படியல்ல. எலும்புக்கு உயிர் உண்டு. அதைக் கரைக்கும் செல்கள் ஒரு பக்கம், கட்டும் செல்கள் ஒரு பக்கம் என்று இரவும் பகலும் வேலை நடக்கிறது. வளர்ந்த மனிதரின் எலும்பில் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுசாகிறது.

எலும்பின் உள்ளே இருக்கும் நார்ப் பொருளுக்குக் கொலாஜன் என்று பெயர். மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது அது. அந்த முறுக்கை 1954-ல் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம் சென்னையில் நடந்த காரியம் இது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்தக் கயிற்றின் மேல்தான் சுண்ணாம்புச் சத்து படிகிறது.

உடம்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரு பங்குதான் இரத்தத்திலும் தசையிலும். ஆனால் அந்த ஒரு பங்கு குறைந்தால் கை கால் இழுக்கும், இதயத் துடிப்பே தடுமாறும். ஆகவே இரத்தத்தில் குறைகிறபோதெல்லாம் எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறது உடம்பு.

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். எலும்புதான் கண்மாய். இரத்தம் வாய்க்கால். கண்மாய் நிறைந்திருந்தாலும் மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஒரு நீர்பாய்ச்சி வேண்டும் அல்லவா? அந்த நீர்பாய்ச்சி யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீர்பாய்ச்சி மூளையில் இருக்கிறார்

கழுத்தில் உள்ள சில சின்னச் சுரப்பிகள், சிறுநீரகம், வைட்டமின் டி இவை மூன்றும்தான் மடையைப் பார்த்துக்கொள்கின்றன என்று நான் டிப்ளமா படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது இன்றைக்கும் சரியே. ஆனால் மூளைக்கும் இதில் கை உண்டு என்று 2000-ஆம் ஆண்டில் தெரிந்தது. ஜெரார்டு கார்சென்டி என்ற விஞ்ஞானியின் குழு சுண்டெலிகளில் இதைக் காட்டியது. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன், மூளையின் அடிப்பாகத்தில் உள்ள ஹைப்போதாலமஸ் என்ற இடத்துக்குச் செய்தி சொல்கிறது. அங்கிருந்து நரம்பு வழியாக எலும்புக்கு உத்தரவு போகிறது.

அதே குழுவில் வேலை செய்த நம் நாட்டு விஞ்ஞானி விஜய் யாதவ் 2008-லும் 2009-லும் இன்னொரு வேடிக்கையைக் கண்டார். செரோட்டோனின் என்று ஒரு பொருள். குடலில் உண்டாகிற செரோட்டோனின் எலும்பு கட்டும் வேலையைக் குறைக்கிறது. மூளையில் உண்டாகிற அதே செரோட்டோனின் எலும்பை வளர்க்கிறது! ஒரே பெயர், இரண்டு இடம், இரண்டு வேலை. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி என்பதுபோல.

இதுவரை சொன்னது மூளை எலும்புக்கு அனுப்பும் செய்தி. எலும்பும் மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. எலும்பு கட்டும் செல்களிலிருந்து ஆஸ்டியோகால்சின் என்று ஒரு பொருள் இரத்தத்தில் கலக்கிறது. 2013-ல் கார்சென்டியின் குழு, இது மூளைக்குள் புகுந்து ஞாபக சக்திக்கு உதவுகிறது என்று சுண்டெலிகளில் கண்டது. தாய் எலியின் எலும்பிலிருந்து வரும் இந்தப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போய், குட்டியின் மூளை வளர்ச்சிக்கும் துணை செய்கிறது என்றும் சொன்னது. இதை முழுமுடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020-ல் வேறு இரண்டு ஆய்வுக் குழுக்கள் இந்தப் பொருளே இல்லாத சுண்டெலிகளை உண்டாக்கிப் பார்த்தபோது, அது சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது என்று முன்பு சொன்ன விஷயம் அவர்களுக்குத் தெரியவில்லை. விஞ்ஞானிகளுக்குள் வழக்கு இன்னும் நடக்கிறது. இந்தப் பெயரைச் சொல்லி யாராவது மருந்தோ பவுடரோ விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பால் கொடுக்கும் தாய்க்கு நடப்பது

இப்போது அந்த மாமியாரின் கேள்விக்கு வருவோம்.

பிறக்கும்போது குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய 30 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கும். பெரும்பாகம் கடைசி மூன்று மாதத்தில் சேர்வது. அந்தக் காலத்தில் தாயின் குடல், சாப்பாட்டிலிருந்து வழக்கத்தைவிட இருமடங்கு உறிஞ்சிக் கொடுக்கிறது. ஆகவே கர்ப்பத்தில் எலும்புக்கு அவ்வளவு பாரம் இல்லை.

பிரசவம் ஆனதும் கணக்கு மாறுகிறது. குடல் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் பால் வழியாகத் தினமும் 200 முதல் 300 மில்லிகிராம் வரை குழந்தைக்குப் போகிறது. மார்பகமே ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பின் மடையைத் திறக்கச் சொல்கிறது. வீட்டு விலக்கு வராத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் குறைவாக இருப்பதால் மடை இன்னும் தாராளமாகத் திறக்கிறது. ஆறு மாதம் பால் கொடுத்த தாயின் முதுகெலும்பில் நூற்றுக்கு 3 முதல் 10 பங்கு வரை சத்து இறங்கியிருக்கும்.

மாமியார் சொன்ன பாதி உண்மை இதுதான். "எலும்பு கரையுது" என்று சொன்னது பொய்யல்ல.

மறுபாதி என்ன? குழந்தை பாலை மறந்து, வீட்டு விலக்கு திரும்பியபின் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், பெரும்பாலான தாய்மார்களுக்கு இறங்கியதெல்லாம் ஏறிவிடுகிறது. கோடையில் கண்மாய் இறங்குகிறது என்பதற்காகக் கரை உடைந்துவிட்டதென்று யாராவது சொல்வோமா? பால் கொடுத்த பெண்களுக்கு வயதான காலத்தில் எலும்பு முறிவு அதிகம் என்பதற்கும் ஆதாரமில்லை.

ஒரு விஷயம் வெகுகாலம் புரியாமல் இருந்தது. பெண் ஹார்மோன் இவ்வளவு குறைந்திருக்கும்போது எலும்பு இன்னும் மோசமாக அல்லவா கரைய வேண்டும்? கிழவிகளுக்கு அப்படித்தானே ஆகிறது? பால் கொடுக்கும் தாய் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறாள்? 2024-ல் இதற்கு ஒரு விடை வந்தது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹாலி இங்க்ரஹாம் என்ற அம்மையாரின் குழு, பால் கொடுக்கும் சுண்டெலிகளின் மூளையில், நான் மேலே சொன்ன அதே ஹைப்போதாலமஸில் உள்ள சில நரம்புச் செல்கள், சி.சி.என். 3 என்ற ஹார்மோனை உண்டாக்குவதைக் கண்டது. அது எலும்பு கட்டும் வேலையைத் தூண்டுகிறது. பால் கொடுக்காத எலியின் அந்தச் செல்களில் அது காணப்படவில்லை. அந்த ஹார்மோன் வராமல் தடுத்த தாய் எலிகளுக்கு எலும்பு வேகமாகக் கரைந்தது. குட்டிகளும் எடை குறைந்தன.

அதாவது, ஒரு மடையைத் திறந்துவிட்ட உடம்பே, கண்மாய் வற்றிவிடாமல் இன்னொரு வாய்க்காலில் தண்ணீர் கொண்டுவர மூளையைக் கொண்டு ஏற்பாடு செய்கிறது. மனிதத் தாய்மார்களிடம் இதை இனிமேல்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். எலியில் கண்டது எல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் தாய்ப்பால் தாயை அழிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். பாலை நிறுத்தினால் குழந்தைக்குத்தான் நஷ்டம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரை தாய்ப்பால் என்ற நம் துறையின் ஆலோசனையில் மாற்றமில்லை.

மாத்திரை பெட்டிக்குள் இருந்தால்?

மறுவாரம் போனபோது "மாத்திரை எங்கேம்மா?" என்று கேட்டேன். தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். பிரிக்காத அட்டைகள் அடுக்காக இருந்தன! சில நாள் சாப்பிட்டபோதும் இரும்புச் சத்து மாத்திரையையும் இதையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார்.

2014-ஆம் ஆண்டு முதல் அரசு விதி இது: கர்ப்பத்தின் நான்காவது மாதம் தொடங்கி பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை, தினம் இரண்டு சுண்ணாம்புச் சத்து மாத்திரை. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் 250 அலகு வைட்டமின் டி-யும் உண்டு. காலைச் சாப்பாட்டோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. இரும்புச் சத்து மாத்திரையை இதிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளிச் சாப்பிட வேண்டும். சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

இந்த மாத்திரையால் பால் கொடுக்கும் மாதங்களின் இறக்கம் முழுவதும் நின்றுவிடாது. ஆனால் கர்ப்ப காலத்தில் இரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வரும் ஆபத்தைக் குறைக்கிறது. மழைக்காலம் வரும்போது கண்மாய் நிறைய, வரத்து இருக்க வேண்டுமே, அதற்கும் வேண்டும்.

வரத்து என்றால் சாப்பாடுதான். பால் கொடுக்கும் தாய்க்குத் தினம் 1200 மில்லிகிராம் தேவை. நூறு கிராம் அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறுவது கஷ்டம். அதே நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. முருங்கைக் கீரையில் 300-க்கு மேல். பசும்பாலில் 120. எள்ளில் ஆயிரத்துக்கும் மேல், ஆனால் எள்ளை யாரும் நூறு கிராம் சாப்பிடுவதில்லை, ஒரு உருண்டை சாப்பிட்டாலும் நல்லதுதான். வீட்டில் பால் கறந்து முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, பெற்றவளுக்குக் கடுங்காப்பி கொடுக்கிற வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அரைப்படிப் பாலை நிறுத்திவையுங்கள் என்று கணவன்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வெயில் விஷயத்திலும் ஒரு தப்பு எண்ணம். காலை இளவெயில்தான் எலும்புக்கு நல்லது என்று சொல்லுவார்கள். திருப்பதியில் செய்து பார்த்த ஆராய்ச்சியில், தோலில் வைட்டமின் டி உண்டாவது காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் நன்றாக நடக்கிறது என்று கண்டார்கள். அதே திருப்பதி மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாத தென்னிந்தியர்களிடமே இந்த வைட்டமின் குறைவாக இருந்தது. நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்குக் கொஞ்சம் தேவலை. காட்டு வேலை செய்கிறவர்களுக்கு வெயில் தானாகக் கிடைத்துவிடும். நூல் மில்லில் ஷிப்டு பார்க்கும் பெண்களுக்குத்தான் கவனம் வேண்டும். மத்தியான இடைவேளையில் கை கால் முகத்தில் கொஞ்ச நேரம் வெயில் படட்டும்.

இடுப்பு வலி, மறதி இரண்டும் எலும்பாலா?

எல்லாம் எலும்பால் அல்ல. குழந்தையை ஒரே இடுப்பில் தூக்குவதாலும், குனிந்து குடம் எடுப்பதாலும் வரும் தசை வலியே அதிகம். ஆனால் தொடையிலும் இடுப்பெலும்பிலும் வலித்து, வாத்துபோல அசைந்து நடந்தாலோ, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போனாலோ, கால் மரத்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்தப் பெண் சுவரைப் பிடித்து எழுந்ததால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன்.

மறதிக்கு முதல் காரணம் தூக்கமின்மை. இரத்த சோகையும் தைராய்டு குறைவும் அடுத்தவை. அழுகை அழுகையாக வந்து, குழந்தையைத் தூக்கவே மனமில்லாமல், சாகலாம்போல் இருந்தால் அது திமிர் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய். மருத்துவம் உண்டு. 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்து பேசலாம்.

குடிதண்ணீரையும் பாருங்கள்

இது நம் மாவட்டத்துக்கென்றே சொல்ல வேண்டியது. சில ஆழ்குழாய்த் தண்ணீரில் புளோரைடு உப்பு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகி முதுகு வளையாமல் போகும். 1937-லேயே அப்போதைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் இந்த எலும்பு நோயைக் கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் கண்டு எழுதினார்கள். நமக்குப் பக்கத்து நிலக்கோட்டை ஒன்றியத்தில் எந்தெந்த இடத்தில் புளோரைடு அதிகம் என்று 2009-ல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீர், குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக் குறைவோடும் சேர்ந்து காணப்படுகிறது என்று 2024-ல் அமெரிக்க அரசின் நச்சியல் திட்டத்தார் சொன்னார்கள். எலும்பையும் மூளையையும் ஒரே தண்ணீர் தொடுகிறது பாருங்கள்.

காய்ச்சினால் புளோரைடு போகாது. வற்ற வற்ற இன்னும் செறிவாகும். உங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்கும்படி ஊராட்சியில் கேளுங்கள். டப்பாப் பாலை இப்படிப்பட்ட தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் குழந்தை வயிற்றுக்கு என்ன போகும் என்று அந்த மாமியாரிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கையோட கையா" என்ற யோசனை

இனிக் கணவரின் கேள்வி. எலும்புக்காக மட்டும் இடைவெளி விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை. ஆனால் சீக்கிரமே அடுத்த கர்ப்பம் வந்தால் இரத்த சோகை தீராது, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என்ற ஆபத்துகள் கூடுகின்றன. இறங்கின கண்மாயும் நிரம்ப ஒரு வருடம் வேண்டும் என்று பார்த்தோம். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்கு இரண்டு வருடமாவது பொறுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்கும் பிள்ளைக்கும் மூன்று வருடம் என்பது நம் துறையின் கணக்கு.

இந்தப் பேச்சு நம் பகுதிக்குப் புதிதல்ல. 1959-லேயே காந்திகிராமத்தார் தங்கள் முன்னோடிச் சுகாதாரத் திட்டத்தை ஆரம்பித்தது நம் ஆத்தூர் ஒன்றியத்தில்தான். உங்கள் பாட்டிகளிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்லுவார்கள்.

"பால் குடுக்கிறப்ப கரு நிக்காதுல்ல சார்?" என்றார் கணவர். தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, வீட்டு விலக்கு வராமல், குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருந்தால் மட்டும் அது சரி. அவர்கள் வீட்டில் ராத்திரி ஒரு வேளை பசும்பால் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகவே நம்பி இருக்க முடியாது.

காப்பர் டி எலும்பைத் தொடாது. சாயா மாத்திரை லக்னோவில் நம் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டது, பால் கொடுக்கும் தாயும் சாப்பிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, போட்டுக்கொள்ளும் காலத்தில் எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கிறது, நிறுத்தினால் திரும்புகிறது. அதனால் கெட்ட ஊசி என்று அர்த்தமல்ல. 18 முதல் 45 வயது வரையுள்ளவர்கள் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. எதை எடுத்தாலும் நர்சம்மாவிடம் இருவருமாகப் போய்க் கேளுங்கள். எப்போதும் பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டு வெளியே பீடி பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்காத காட்சி.

இரண்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனேன். இரத்தப் பரிசோதனையில் சோகை இருந்ததாம், மருந்து நடக்கிறது. காப்பர் டி போட்டாகிவிட்டது. பால் நிறுத்தவில்லை. இடுப்பு வலி பாதி குறைந்திருக்கிறது என்றார். நான் கேட்காமலே மாமியார் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் வளையலும் சீப்பும் இருந்தன.